கருமலைப் பூதத்துக்கு வைத்த பத்திரிகை

நெட்டூரணிக்குப் பூதம் வந்தது ஆனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு. அது வந்த வழியைக் காட்டச் சொல்லி வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள், நாங்களும் மேற்குமலை இறக்கத்தையும் தேரடி முக்கையும் மங்களம் திருமண மண்டபத்தின் வாசலையும் வரிசையாகக் காட்டிவிட்டு, இதிலே அதிசயப்பட ஒன்றுமில்லை, முறையாகப் பத்திரிகை வைத்தால் யாராக இருந்தாலும் வரத்தான் செய்வார்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

பத்திரிகை வைத்தவள் முத்துச்செல்வி. மங்களம் மண்டபத்தின் மேனேஜர், வயது நாற்பத்து நான்கு, கல்யாணம் ஆகாதவள். இருபத்தொரு வருஷமாக முகூர்த்தம் தவறாமல் வாசலில் நின்று பன்னீர் தெளித்து, வாங்க வாங்க என்று கூப்பிட்டு, யாருக்கு மூட்டுவலி, யாருக்குச் சர்க்கரை, எந்தச் சித்தப்பாவுக்கும் எந்த மாமாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எவர் பக்கத்தில் எவரை உட்கார வைத்தால் இலை பறக்கும் என்பதெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவள். அத்தனை ஆயிரம் விருந்தாளிகளில் ஒருவர்கூட அவளைப் பார்க்க வந்ததில்லை, எல்லோரும் வேறு யாரோ ஒருவருக்காக வந்தவர்கள். இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, நாங்களும் நினைத்துப் பார்த்ததில்லை, அது எங்கள் தப்புத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சென்னை மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஏழு பேர் மாடி அறையில் கூடி உட்கார்ந்து, இருபது முகம் கொண்ட குட்டிப் பகடைகளை உருட்டி, பூதம், வாள், கோட்டை என்று ஏதேதோ கத்தி, அந்த சுவாரசியத்தில் தாலி கட்டுகிற நேரத்தையே கோட்டை விட்டார்கள். போகும்போது பகடைகளையும் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தையும் விட்டுப் போனார்கள். மறந்துபோன சாமான்களை மண்டபத்தில் ஒரு வருஷம் வைத்திருப்பது வழக்கம். முத்துச்செல்வி மூன்று வருஷம் வைத்திருந்தாள். பிறகு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள், தொண்ணூறாவது பக்கத்தில் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் அதில் ஆளாக நுழைந்து நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இதுவும் ஒரு விசேஷம் நடத்துகிற மாதிரிதானே என்று அவள் மிச்சப் பக்கங்களைப் படிக்கவே இல்லை.

ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் காலி. ஆகவே மண்டபத்தின் இணையப் பக்கத்தில் ஒரு அறிவிப்புப் போட்டாள்: ஆடி மாதம் ஞாயிறுதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு வீடியோ காலில் கதை ஆட்டம், புதியவர்கள் மட்டும் வரவும், ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்கள் மன்னிக்கவும். கடைசி வரி எதற்கென்றால் அவளுக்கே ஆடத் தெரியாது. மூன்று பேர் பதில் எழுதினார்கள். மேலப்பாளையத்தில் ஜாக்கெட் தைக்கிற ஷாகிதா பானு, கோயம்புத்தூரில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிற பொன்னுரங்கம், குவைத்தில் நர்ஸாக இருக்கிற தூத்துக்குடி ரோஸ்லின்.

மூன்று பேருக்கும் முத்துச்செல்வி பத்திரிகை அடித்தாள். மஞ்சள் தடவி, 'தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்று எழுதி, இடம், நாள், நேரம் போட்டு, அடியில் வாழ்நாளில் முதல்முறையாக 'தங்கள் அன்புள்ள' என்ற சொல்லுக்குக் கீழே தன் பெயரைப் போட்டு, அச்சாகி வந்ததை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்திரிகையோடு ஒரு தாம்பூலப் பை, பைக்குள் கதை நடக்கிற நாட்டின் படம், ஆளுக்கு ஒரு பகடை. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம்தான் பெரிது, தொலைத்துவிடாதீர்கள் என்று ஒரு சீட்டும் வைத்தாள்.

அங்கேதான் அந்தத் தவறு நடந்தது, எங்கள் பக்கத்து ஆள் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். பத்திரிகை வைக்கும்போது ஒருவரை விட்டுவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பகை என்பது இருபத்தொரு வருஷ அனுபவம். ஆகவே உறைகளில் பெயர் எழுதி முடித்ததும் முத்துச்செல்வி யாரை விட்டுவிட்டோம் என்று யோசித்தாள். கதையில் மொத்தம் நாலு பேர், அதில் மூன்று பேருக்கு வைத்தாயிற்று, நாலாவது ஆள் கடைசியில் குகைக்குள் இருந்து வெட்டுப்பட வேண்டிய பூதம். அவரைக் கூப்பிடாமல் அவர் வீட்டுக்கே ஆள் அனுப்புவது என்ன மரியாதை என்று, 'உயர்திரு கருமலைப் பூதம் அவர்கள், கருமலைக் குகை' என்று ஒரு உறையில் எழுதி, மேற்குமலை அடிவாரத்துப் பெரிய பாறையின் மேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தாள்.

நெருங்கிய உறவுகள் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுவார்கள் இல்லையா, அதுபோல பூதமும் வந்தது. வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு பலாமரத்தை வேரோடும் காயோடும் தோளில் போட்டுக்கொண்டு வந்தது. கதையில் இரண்டு பனை உயரம் என்று அவள் எழுதியிருந்தாலும் வாசலில் குனிந்து, முட்டியை மடக்கி, மூச்சை உள்ளே இழுத்து, சாப்பாட்டுக் கூடத்துக்குள் அடங்குகிற அளவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொண்டது. உடம்பெல்லாம் மழையில் நனைந்த பாறை, தோளிலும் முதுகிலும் பாசி, ஆனால் தொட்டால் சுடும்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க. பிரயாணம்லாம் நல்லா இருந்துச்சா? மொதல்ல சாப்பிடுங்க, பெறவு பேசிக்கிடலாம்" என்றாள் முத்துச்செல்வி.

"தங்கள் அன்பான அழைப்பிற்கிணங்க வந்துள்ளேன்" என்றது பூதம். அது வாழ்நாளில் படித்த ஒரே எழுத்து அந்தப் பத்திரிகைதான் என்பதால் அதற்குத் தெரிந்த தமிழும் அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றவா என்று கேட்டால் "அவ்வண்ணமே கோருகிறேன்" என்று சொல்லும்.

பூதத்தை ஏற்றுக்கொள்ள எங்கள் ஊருக்கு நாலு நாள் ஆனது. முதல் நாள் அதை எப்படிக் கூப்பிடுவது என்ற கேள்வி வந்தது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதை இல்லை என்று பூதத்தண்ணாச்சி என்று முடிவாயிற்று. இரண்டாம் நாள் சுகாதார ஆய்வாளர் வந்து, ஒரு படிவத்தை எடுத்து, 'தங்கியிருப்பவருடன் உறவு' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'விருந்தாளி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் மண்டபத்தின் உரிமையாளர் ராமலிங்கம் திருநெல்வேலியிலிருந்து போன் செய்து, அது ஏ.சி. போடச் சொல்கிறதா என்று ஒரே கேள்வி கேட்டார், இல்லை என்றதும், ஆவணி ஐந்தாம் தேதி முதல் முகூர்த்தம், அதற்குள் கூடம் காலியாக வேண்டும் என்று வைத்துவிட்டார். நாலாம் நாள் மேலத்தெருப் பெண்கள் கூழ்வற்றலைத் தட்டில் பரப்பி எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார்கள், பூதத்தின் முதுகுச் சூட்டில் ஆடிச் சாரலிலும் வற்றல் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. அதற்கப்புறம் அது எங்கள் ஊர்க்காரர்தான்.

இதற்கு நடுவில், பூதம் வந்த மூன்றாம் நாளே, முதல் ஞாயிறு ஆட்டம் தொடங்கிவிட்டது. கல்யாண வீடியோ காட்டுகிற பெரிய திரையில் கம்ப்யூட்டரை இணைத்து, நாங்கள் நூறு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஆனால் எங்கள் சத்தம் அந்த மூன்று பேருக்கும் கேட்கக்கூடாது, புதியவர்கள் கூச்சப்படுவார்கள் என்று முத்துச்செல்வி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அந்த இரண்டு மணி நேரமும் இருமல் வந்தவர்கள் தெருவுக்குப் போய் இருமிவிட்டு வந்தார்கள். பூதம் அவள் நாற்காலிக்குப் பின்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தது.

"எக்கா, பின்னாடி என்ன படம் போட்டிருக்கிய? பாறை மாதிரி அப்படியே தத்ரூபமா இருக்கு" என்றாள் குவைத்திலிருந்து ரோஸ்லின்.

"சும்மா ஒரு அலங்காரம்தான்" என்றாள் முத்துச்செல்வி. இன்னார் என்று சொல்லி விருந்தாளியைச் சங்கடப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

ஆளுக்கு ஒரு ஜாதகம் எழுத வைத்தாள். கதையில் நீ யார், உன் பலம் என்ன, பையில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுவதற்கு அவள் வைத்த பெயர் அது. மூன்று ஜாதகத்தையும் அருகருகே வைத்துப் பொருத்தம் பார்த்து, கோபக்காரர் இரண்டு பேர் இருந்தால் குழு நிற்காது என்று ரோஸ்லினை வைத்தியக்காரி ஆக்கினாள். ஷாகிதா இரட்டை வாள் வீராங்கனை, பொன்னுரங்கம் ஈட்டிக்காரர். நர்ஸ் வேலையே அங்கேயும் பார்க்கணுமா என்று ரோஸ்லின் கேட்டது நியாயம்தான். பொன்னுரங்கம், "இதுல கடைசியா ஜெயிக்கறது யாருங்க அம்மிணி?" என்று அன்றைக்கு மட்டும் ஐந்து முறை கேட்டார்.

விதிகளை முத்துச்செல்வி இரண்டாகச் சுருக்கினாள். சொன்னால் சொன்னதுதான், மண்டபத்துக்கு முன்பதிவு செய்த மாதிரி, பிறகு மாற்ற முடியாது என்பது ஒன்று. பகடை விழாமல் எதுவும் நடந்ததாக ஆகாது என்பது இன்னொன்று.

மூன்றாவது விதி ஒன்று இருப்பது இரண்டாவது ஞாயிறுதான் தெரிந்தது. தூரத்துக் குகையிலிருந்து என்ன சத்தம் வருகிறது என்று ஷாகிதா கேட்க, முத்துச்செல்வி யோசிக்காமல், உள்ளே பூதம் கொட்டாவி விடுகிறது என்று சொல்லிவிட்டாள். சொன்ன மாத்திரத்தில் அவளுக்குப் பின்னால் இருந்த பூதம் காணாமல் போனது, அது கையில் வைத்திருந்த முறுக்கு மட்டும் தரையில் விழுந்தது. அவள் பதறிப்போய், இல்லை இல்லை, வெறும் காற்றுச் சத்தம் என்று திருத்தினாள், பூதம் திரும்ப வந்து, கொட்டாவியை மூடி, முறுக்கைத் தேடியது. கதை நடத்துகிறவள் யார் எங்கே இருப்பதாகச் சொல்கிறாளோ அவர் அங்கே இருந்தாக வேண்டும் என்பது எங்களுக்கு விளங்கிவிட்டது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை, ஆனால் அன்று முதல் அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் எங்களுக்குக் கொஞ்சம் பக்கென்று இருக்கும்.

இப்படியே மூன்று பேரும் காடு கடந்தார்கள், ஆறு கடந்தார்கள், பேசும் நரியிடம் ஏமாந்தார்கள், ரோஸ்லின் மருந்து கட்டினாள், ஷாகிதா வெட்டினாள், பொன்னுரங்கம் எறிந்த ஈட்டி எட்டு முறையில் ஒருமுறைகூடப் படவில்லை. கூச்சம் போய் ஒருவரையொருவர் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். வாரநாட்களிலும் முத்துச்செல்விக்குப் போன் வந்தது, அவள் வெற்றிலைக் கட்டை எண்ணுவதை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டே பேசினாள். அவள் சிரிப்பு அத்தனை சத்தமானது என்பது எங்களுக்குப் புதிய செய்தி.

நாலாவது ஞாயிறு மூன்று பேரும் குகைக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"கதவு தெறந்த அடுத்த நிமிசம், உள்ள நிக்கறவனோட நெஞ்சைப் பாத்து ஈட்டியை எறிஞ்சர்றேனுங்க. எழுதிக்கோங்க அம்மிணி" என்றார் பொன்னுரங்கம்.

அவள் எழுதிக்கொண்டாள். மணி ஐந்தாகிவிட்டது, மீதி அடுத்த வாரம் என்றாள். அப்போது ஷாகிதா சொன்னாள்: "யக்கா, ஒரே ஒரு பூதத்துக்காக நாலு வாரமா மெஷினைப் போட்டுட்டு வாறேன். அடுத்த வாரம் உள்ள ஆளில்ல, காத்துதான் அடிக்குதுன்னு ஏதாச்சும் சொன்னியன்னா, எனக்கு இந்த ஆட்டமே வேண்டாம்." மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள்.

அந்த வாரம் முத்துச்செல்வி சரியாகச் சாப்பிடவில்லை. உள்ளே பூதம் இருக்கிறது என்று சொன்னால், நாலு வாரமாகத் தன் கையால் சோறு போட்ட விருந்தாளி ஈட்டிக்கு முன்னால் போய் நிற்கும். உள்ளே யாரும் இல்லை என்று சொன்னால் மூன்று பேரும் போய்விடுவார்கள், அவளுக்கென்று வந்த முதல் மூன்று பேர். ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது.

டீக்கடை சண்முகவேல் வந்து, "வேற ஒரு பூதத்தைச் செஞ்சு உள்ள வச்சிரு தாயி, யாருக்குத் தெரியப்போவுது?" என்று கேட்டார்.

"அதுவும் எங்கேயாவது ஒருத்தர் வீட்டு விருந்தாளியாத்தானே அண்ணாச்சி இருக்கும்? வெட்டுறதுக்குன்னு ஒரு உயிரை நான் எப்படிச் செய்வேன்?" என்றாள் அவள்.

பூதத்திடமே கேட்டுப் பார்த்தோம். அது ஒரு தட்டு வற்றலை முதுகிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "தங்கள் நல்வரவை நாடுகிறேன்" என்றது. சம்மதமா மறுப்பா என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் அதன் கண்கள் அன்று முழுக்க முத்துச்செல்வி போகிற பக்கமே போயின.

ஐந்தாவது ஞாயிறு, ஆடி முப்பது. மண்டபத்தில் நாற்காலி போதாமல் பந்தி விரிப்பை விரித்து உட்கார்ந்தோம். அவள் முகூர்த்த நாளில் கட்டுகிற அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். திரையில் மூன்று சதுரங்களில் மூன்று முகங்கள், ஷாகிதா கையில் நிஜமாகவே ஒரு கத்தரிக்கோல் இருந்தது.

"கதவைத் தள்ளுதோம் யக்கா" என்றாள் ஷாகிதா. "உள்ள யாரு இருக்கா?"

முத்துச்செல்வி திரும்பிப் பூதத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்து, வாசலில் நின்று பேசுகிற அதே குரலில், "உள்ள நான் இருக்கேன்" என்றாள்.

நாற்காலி காலியாயிற்று. சந்தன வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. திரையில் அவளுடைய சதுரத்தில் மண்டபம் போய், கல் சுவரும் எண்ணெய் விளக்கும் தெரிந்தன, அவற்றுக்கு நடுவில் அரக்குப் பட்டில் அவள் நின்றுகொண்டிருந்தாள். யாராவது கதையை நடத்தியாக வேண்டுமே என்று பூதம் மெல்ல நகர்ந்து அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தாளில் எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்தது: "ஈட்டி எறிதல். முன்பதிவு செய்தவர் உயர்திரு பொன்னுரங்கம் அவர்கள். பகடையில் பதினொன்றும் அதற்கு மேலும் விழின், நெஞ்சில் பாயும்."

படம் என்று நினைத்தது பேசியதில் மூன்று பேரும் முதலில் பயந்தார்கள், பிறகு அதைவிடப் பெரிய பயம் வந்தது.

"அம்மிணி, அதை மாத்திக்கலாமுங்களா?" என்று கெஞ்சினார் பொன்னுரங்கம்.

"சொன்னா சொன்னதுதான் அண்ணே. உங்களுக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும்" என்றாள் முத்துச்செல்வி குகைக்குள்ளிருந்து. "உருட்டுங்க."

அவருக்கு எதிரே திரையில், கதையின் ஈட்டி கையை விட்டுக் கிளம்பி, வாசலுக்கும் அவளுக்கும் நடுவில், பகடை விழுவதற்காகக் காற்றில் காத்து நின்றது. பொன்னுரங்கம் உள்ளங்கையில் இருந்த பகடையைப் பார்த்தார். முப்பது வருஷம் பாதி அறுந்த கம்பியில் தொங்கிய லிஃப்ட்டுகளிலிருந்து ஆட்களை இறக்கிய மனிதர். எட்டு முறை குறி தவறியவர், ஒன்பதாவது முறையும் தவறும் என்று நம்பி உருட்டியிருக்கலாம். அவர் அதை நம்பவில்லை. பகடையை வாயில் போட்டு, பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து, விழுங்கிவிட்டார்.

"எண்ணே! என்ன செய்யுதிய!" என்று ரோஸ்லின் அலறினாள். "ரெண்டு வாழைப்பழம் சாப்பிடுங்க, நெறையத் தண்ணி குடிங்க, ரெண்டு நாள்ல வெளிய வந்துரும்."

"வந்தாலும் அதுல என்ன நம்பர் விழுந்திருக்குன்னு நான் பார்க்கப் போறதில்லைங்க" என்றார் அவர், கண்களைத் துடைத்துக்கொண்டே.

பூதம் அதே தாளில் அவள் எழுதியிருந்த விதியைத் தேடி விரல் வைத்துப் படித்தது. பிறகு, "பகடை விழவில்லை. ஆகவே நடந்ததாகாது" என்று அறிவித்தது. ஈட்டி அங்கேயே காற்றில் நின்றது.

அப்போது ஷாகிதா, அந்த மூன்று பேரில் இரத்தவெறி பிடித்தவள் என்று நாங்கள் பேர் வைத்திருந்தவள், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "யக்கா, நான் வாளை வெளியவே போட்டுட்டேன். நாலு வாரமா காடும் ஆறும் நடந்து வந்திருக்கோம். பூதம் கீதம்னு சும்மா சொல்லிக்கிட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை ஆனா உங்களைப் பாக்கணும், அதுக்குத்தான் வாறேன். உள்ள வரலாமா?"

வாசலில் நின்று ஆயிரம் பேரை வாங்க என்றவளுக்கு அன்றைக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை, அழுதுகொண்டே கையை மட்டும் நீட்டினாள். நாங்கள் பந்தி விரிப்பில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதோம். பிறகு கதையில் மூன்று பேரும் உள்ளே போனார்கள், ஜாதகங்களில் எழுதியிருந்தபடி ஷாகிதாவின் பையிலிருந்து மூன்று படி அரிசியும் கருவாடும், ரோஸ்லினின் பையிலிருந்து எண்ணெயும் வெளியே வந்தன, பொன்னுரங்கம் விறகு பொறுக்கினார், ஒருவரும் பகடை உருட்டவில்லை, குகையில் அடுப்பு எரிந்தது.

மணி ஐந்தானது. பூதத்துக்கு அவளைத் திரும்ப அழைக்கும் வழி தெரியும், ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அது தொண்டையைக் கனைத்து, "தாங்கள் மண்டபத்திற்கு வருகை தர உத்தேசமா?" என்று கேட்டது.

"இருங்க அண்ணாச்சி. வந்தவங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கல" என்றாள் முத்துச்செல்வி, திரும்பிப் பார்க்காமலே.

ஆவணி ஐந்தாம் தேதி முதல் முகூர்த்தத்துக்கு வாசலில் குனிந்து நின்று பன்னீர் தெளித்தது பூதத்தண்ணாச்சிதான். பெண் வீட்டார் கொஞ்சம் தயங்கிவிட்டு உள்ளே போனார்கள். மேனேஜர் எங்கே என்று ராமலிங்கம் போன் செய்து கேட்டார். லீவில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டோம். இருபத்தொரு வருஷத்தில் அவள் எடுத்த முதல் லீவு என்பதால் அவரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.